சிலிப்பரில் ஒரு காலித் துளை

எனக்கு எழுபத்தேழு வயது. வளர்த்தது ஆறு பேரை. நாலு நான் பெற்றது; இரண்டு, என் நாத்தனார் கண்ணை மூடியபோது என் மடியில் போட்டுவிட்டுப் போனது. ஆறு பேரும் நிமிர்ந்து நிற்கிறார்கள். நான் ரப்பர்த் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது போய்விடும். போகட்டும், எனக்கு என்ன அவசரம்.

எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் செமிலிங்கில் ஒரு கல்யாணப் பந்தி. எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெரிய மனிதர், ரசத்தைக் குழைத்துக்கொண்டே பக்கத்து ஆளிடம் சொன்னார்: “சுங்கை பட்டாணியில ஒரு பொம்பள வயரிங் கடை வெச்சிருந்திச்சே, ஞாபகம் இருக்கா? ஒரே ஒரு ஸ்குருவுக்காகக் கடையையே தொலைச்சிச்சு லா, அந்தப் பைத்தியம்.” பந்தியே சிரித்தது. நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன். பாயசம்கூட இன்னும் வரவில்லை.

அந்தப் பைத்தியத்திடம் வேலை செய்தவள் நான். ஸ்டோரைப் பார்த்துக்கொண்டேன். அந்த ஸ்குருவைக் கையில் தொட்டவளும் நான்தான். அந்த மனிதர் தொடவில்லை.

அவள் பெயரை நான் எழுதப் போவதில்லை. கடைப் பலகையில்கூடத் தன் பெயரைப் போடாதவள், இதில் போட்டால் எழுந்து வந்து சண்டை பிடிப்பாள். வேலையாட்கள் அவளைத் தவுக்கே என்றார்கள். முதலாளிக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பேச்சு. என்னைவிட இளையவள் என்பதால் நான் தங்கச்சி என்றேன். அவளும் தோட்டத்துப் பிள்ளைதான், வேதக்காரக் குடும்பம். ஆள் குட்டை. ஆம்பிளைச் சட்டைதான் போடுவாள், அதில் இரண்டு பை இருக்கும் என்பதற்காக. ஒரு பையில் கரண்டு வருதா என்று பார்க்கிற டெஸ்ட் பேனா. இன்னொன்றில் ஒரு காந்தம், உடைந்த ரேடியோவின் ஸ்பீக்கரிலிருந்து கழற்றியது, உளுந்து வடை மாதிரி நடுவில் ஓட்டையோடு கறுப்பாக இருக்கும். கழுத்தில் சிலுவை கிடந்தது. ஆனால் அவள் அடிக்கடி தொட்டுப் பார்த்தது காந்தத்தைத்தான்.

எங்கள் ஊரில் ‘பரவால்ல’ என்ற சொல் இல்லாமல் பொழுது போகாது. கறியில் உப்புக் கூடினால் பரவால்ல. கூரை ஒழுகினால் பரவால்ல. மாப்பிள்ளை குடித்தால் அதுவும் பரவால்ல. அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டதே கிடையாது.

வயர்மேன் லைசன்ஸ் வாங்கப் போன இடத்தில், கவுண்டரில் இருந்தவர் மலாயில் கேட்டாராம், உன் புருஷன் எங்கே, அவரை வரச் சொல் என்று. இவள் சொன்னாளாம்: “புருஷன் இல்ல. இருந்தாலும் அவனுக்குக் குடுக்க முடியாது. பரீட்சை எழுதினது நான்.” இதை அவள் பெருமையாகச் சொல்லமாட்டாள். மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொல்வாள்.

நான் அவளை முதலில் பார்த்ததே சண்டையில்தான். கம்பெனி தோட்டத்தை விற்ற பிறகு திகாம் பத்துவில் எங்களுக்கு ஒரு வரிசை வீடு கிடைத்தது. வயரிங் போட இவளும் இவள் தம்பியும் வந்தார்கள். பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளக் வேண்டும், சட்னி அரைக்க வசதி என்றேன்.

“தண்ணிப் பைப்புக்குப் பக்கத்துல பிளக் வைக்க மாட்டேன், அக்கா.”

“என் வீடு, என் அடுப்படி. நான் சொல்ற இடத்துல வை.”

“வீடு உங்களுது. கரண்டு யாரு பேச்சையும் கேக்காது.”

“கொஞ்சம் தள்ளி வெச்சா பரவால்லதானே?”

“யாரு செத்தா பரவால்ல? நீங்களா, உங்க மருமகளா?”

நான் கத்திய கத்தலுக்குப் பக்கத்து வீட்டுச் சீனத்தி வாசலுக்கு வந்துவிட்டாள். வெளியே போ என்றேன். போனாள். வேனின் நிழலில், சாக்கடைத் திண்டில் உட்கார்ந்துகொண்டாள். சாமானையும் எடுக்கவில்லை, வண்டியையும் கிளப்பவில்லை. சோறு வடிக்கிற நேரம் வரைக்கும் அப்படியே இருந்தாள். கடைசியில் நான்தான் தேத்தண்ணி கலந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டு உள்ளே வந்து எதிர்ச்சுவரில் பிளக்கை வைத்தாள். இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது. போகும்போது கேட்டாள்: “இந்த மாதிரிக் கத்துற ஆளு ஒண்ணு எனக்கு ஸ்டோருக்கு வேணும். வர்றீங்களா?”

இப்படித்தான் நான் வேலைக்குப் போனேன். பால் மரம் வெட்டிய கைக்கு வயரும் பைப்பும் பழக நாள் பிடிக்கவில்லை.

அவளை எனக்குப் பிடித்ததா என்று கேட்டால், பாதி நாள் பிடிக்காது. என் இரண்டாவது மகளின் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் ஆளுயரக் குத்துவிளக்கு ஒன்றைச் சீராகக் கொண்டுவந்து வைத்தார்கள். பித்தளை, தங்கம் மாதிரி மின்னியது. எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தோம். இவள் கிட்டே போனாள், குனிந்தாள். டக்கென்று ஒரு சத்தம். காந்தம் விளக்கின் தண்டில் ஒட்டிக்கொண்டு நின்றது.

“இரும்புக்கா இது. மேல மஞ்சள் முலாம்.”

சம்பந்தியம்மாள் பக்கத்திலேயே நின்றிருந்தாள். அந்த முகத்தை நான் எப்படி எழுதுவேன். நான் இவளைச் சமையல்கட்டுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன்.

“உனக்கு அறிவு இருக்கா? கல்யாண வீட்டுல பேசுற பேச்சா அது?”

“பொய்யா சொன்னேன்?”

“உண்மையச் சொல்லவும் நேரம் காலம் இருக்கு.”

“அது எந்த நேரம்னு சொல்லுங்க. அப்ப வந்து சொல்றேன்.”

அதற்குப் பிறகு பல நாள் நான் ஸ்டோர்ப் பக்கம் போகவில்லை. அவளும் கூப்பிட்டு அனுப்பவில்லை. மழைக்காலம் வந்தது, விளக்கின் அடிப்பாகம் துருப் பிடித்தது. நான் வேலைக்குத் திரும்பினேன். அதைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இப்போது அந்த ஸ்குருவுக்கு வருகிறேன்.

டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி கட்டிக்கொண்டிருந்தார்கள். உடம்பை அறுக்காமல் உள்ளே படம் பிடிக்கிற காந்த மெஷின் ஒன்று அங்கே வரப்போகிறது என்றார்கள். அந்த மெஷின் அறைக்கு மட்டும் வயரிங் வேலை தவுக்கேக்குக் கிடைத்தது. இதைச் சரியாக முடித்தால் மாடியில் உள்ள வார்டு முழுவதும் உனக்குத்தான் என்று பெரிய கண்ட்ராக்டரின் ஆள் வாக்குக் கொடுத்திருந்தார். எங்கள் கடைக்கு அப்போது வேலை வற்றிப்போயிருந்தது. அந்த வார்டு வேலை வந்தால் கடை நிற்கும், இல்லையென்றால் படுக்கும். இது ஸ்டோரில் இருந்த எனக்கும் தெரியும், ஏணியில் நின்ற அவள் தம்பிக்கும் தெரியும்.

அந்த அறையைப் பார்த்துக்கொண்ட இன்ஜினியர் ஒரு மலாய்க்காரப் பெண். மரியாதைக்குப் புவான் என்றுதான் கூப்பிடுவோம், நம் பேச்சில் அம்மா என்கிற மாதிரி. எங்களைச் சுற்றி உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். அவர் மலாயில் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். இந்தக் காந்தம் தூங்காது. மெஷின் வேலை செய்யாத நேரத்திலும் விழித்துக்கொண்டே இருக்கும். பிடிப்பில்லாத இரும்பு எது உள்ளே இருந்தாலும் பறந்து வந்து குழாய்க்குள் விழும். அந்தக் குழாய்க்குள்தான் நோயாளி படுத்திருப்பார். சுவரெல்லாம் செம்புத் தகடு போர்த்தியிருக்கிறது, வெளியில் இருக்கிற ரேடியோ இரைச்சல் உள்ளே வந்து படத்தைக் கெடுக்காமல் இருக்க. அந்தத் தகட்டில் ஒரு துளையும் போடக்கூடாது. உள்ளே போகிற ஒவ்வொரு வயரும் சுவரில் இருக்கிற ஒரு பெட்டி வழியாகத்தான் போகவேண்டும். அந்தப் பெட்டி கரண்டை விடும், கரண்டோடு வருகிற இரைச்சலை விடாது. வயர் ஓடுகிற பைப்பு பிளாஸ்டிக்கோ அலுமினியமோ. ஸ்குரு பித்தளை. அதையும் உள்ளே கட்டியிருக்கிற மரச்சட்டத்தில்தான் முடுக்கவேண்டும்.

தவுக்கே தன் பையிலிருந்து காந்தத்தை எடுத்துக் காட்டினாள். புவான் சிரித்துவிட்டுத் தன் கைப்பையைத் திறந்து தன்னுடைய காந்தத்தை எடுத்தார். இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. அன்றிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் சிநேகிதம்.

சாமான் எடுக்க நாங்கள் போனது பாய் கடைக்கு. அப்பா காலத்திலிருந்து மின்சாரச் சாமான் விற்கிற குடும்பம். பாய் ஒரு டப்பா ஸ்குருவை மேசையில் கொட்டினார். இவள் காந்தத்தை மேலே ஓட்டினாள். பாதி ஸ்குரு எறும்பு மாதிரி எழுந்து ஒட்டிக்கொண்டது.

“என்னா தங்கச்சி, எல்லாம் மஞ்சளாத்தானே இருக்கு?”

“மஞ்சளா இருக்கிறதெல்லாம் பித்தளைன்னா, உங்க சோத்துக்கடை மச்சான் போடுற குழம்பெல்லாம் கறி பாய்.”

பாய் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு எனக்கு ஒரு முக்காலி போட்டார். அன்று கடை மூடும்வரை உட்கார்ந்து பொறுக்கினோம். பைப்பைப் பிடிக்கிற கிளிப்பு, பெட்டி மூடி, மூடிக்குள் இருக்கிற சின்னச் சின்ன வளையம், எதையும் விடவில்லை. எவர்சில்வரைக்கூட நம்பமாட்டாள். “வீட்டுல போய்ப் பாருங்கக்கா. தம்ளர் ஒட்டாது, கரண்டி ஒட்டும். எல்லாம் எவர்சில்வர்னுதான் வாங்கினோம்.” நான் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அவள் சொன்னபடிதான் இருந்தது.

ஆனால் பித்தளையில் ஒரு தொல்லை. அது இரும்பைவிட மெது. கெட்டி மரத்தில் முடுக்கினால் தலை முறிந்து கையோடு வரும். அதற்குப் பழைய வயர்மேன்களிடம் ஒரு வழி உண்டு. முதலில் ஓர் இரும்பு ஸ்குருவை முடுக்கி மரத்தில் புரி வெட்டிக்கொள்வார்கள். பிறகு அதைக் கழற்றி, அதே துளையில் பித்தளையை முடுக்குவார்கள். வெண்ணெயில் போவதுபோலப் போகும். அப்படியென்றால் இரும்பு அந்த அறைக்குள் போய்த்தான் ஆகவேண்டும். போனதெல்லாம் திரும்பியும் வரவேண்டும்.

தவுக்கே என் மகளின் நகப்பூச்சை வாங்கி, அந்த இரும்பு ஸ்குருக்களின் தலையெல்லாம் சிவப்பாக்கினாள். பிறகு பழைய ரப்பர் சிலிப்பர்களை எடுத்து ஒவ்வொன்றிலும் வரிசையாகத் துளை போட்டு, துளைக்கு ஒரு ஸ்குருவாகக் குத்தி வைத்தாள். ஓர் ஏணிக்கு ஒரு சிலிப்பர். காலையில் என் கையால் கொடுப்பேன், சாயங்காலம் என் கையில் வாங்குவேன். எண்ணத் தேவையில்லை, எழுதி வைக்கத் தேவையில்லை. துளையெல்லாம் சிவந்திருந்தால் வீட்டுக்குப் போகலாம்.

வேலை முடிந்தது. கடைசி நாள் காலையில் சிலிங் பலகை அடித்து, பொழுது சாய்வதற்குள் பூசிச் சுண்ணாம்பும் அடித்தாகிவிட்டது. மறுநாள் காந்தம் லோரியில் வருகிறது. அன்று சாயங்காலம், கீழே சுவரில் ஒரு பைப்பைக் கடைசியாக முடுக்கிவிட்டு அவள் தம்பி சிலிப்பரைக் கொண்டுவந்து கொடுத்தான். நான் பார்த்தேன். ஒரு துளை காலி.

“தம்பி, ஒண்ணு எங்க?”

“கீழ விழுந்திருக்கும், பெரியக்கா. குப்பையோட அள்ளியிருப்பாங்க. பரவால்ல.”

சொன்ன பிறகுதான் தன் அக்கா பின்னால் நிற்பதைப் பார்த்தான்.

குப்பைத் தொட்டியை நான் கொட்டிக் காந்தத்தால் துழாவினேன். அறையை இரண்டு பேர் தவழ்ந்து பார்த்தார்கள். வேன் முழுக்கப் பார்த்தோம். எங்கேயும் இல்லை. தம்பி வெளுத்துப் போனான். அன்று காலையில் சிலிங்கை மூடுவதற்குச் சற்று முன்னால், மேலே ஓர் ஓரத்தில் ஒரு பைப்பை அவன்தான் நகர்த்தி வைத்திருந்தான். அங்கே வைத்து மறந்தானா இல்லையா என்று அவனுக்கே தெரியவில்லை.

மறுநாள் காலையில் கண்ட்ராக்டரின் ஆள் வந்தார். அலோர்ஸ்டார்க்காரர், தமிழர்தான்.

“சிலிங்கப் பிரிக்கணும்” என்றாள் தவுக்கே.

“ஏன்மா, தலையில ஏதும் அடிபட்டிருக்கா? பெயிண்ட் காஞ்சிருச்சி. லோரி பினாங்க விட்டுக் கிளம்பிருச்சி.”

“ஒரு இரும்பு ஸ்குருவக் காணல.”

“அங்கதான் இருக்குன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“தெரியாமப் பிரிப்பியா?”

“தெரியாமத்தான் பிரிக்கணும்.”

அவர் குரலைத் தாழ்த்தினார். எல்லோருக்கும் கேட்கும்படிதான் தாழ்த்தினார். “இங்க பாரு. மேல வார்டு உனக்காக வெச்சிருக்கேன். இந்தச் சிலிங்குல கத்திய வெச்சா அத மறந்துரு.”

புவானுக்குப் போன் போனது. அவரே வந்துவிட்டார். நேர்மையாகச் சொன்னார்: மரத்தில் இறுகியிருந்தால் ஒன்றும் ஆகாமல் போகலாம். சும்மா கிடந்தால், இன்றைக்கு இல்லாவிட்டாலும் ஒருநாள் அதிர்ந்து அதிர்ந்து ஏதாவது இடுக்கு வழியாக வரும். எது என்று நான் எப்படிச் சொல்வேன். லோரியை மத்தியானம் வரை வெளியே நிறுத்தி வைக்கிறேன், அதற்கு மேல் என்னால் முடியாது.

தவுக்கே கத்தியை எடுத்துத் தம்பியிடம் கொடுத்தாள். “நீ ஏறு.”

அவன் ஏறினான். பலகை பலகையாக இறங்கியது. வெள்ளைத் தூள் எங்கள் எல்லோர் தலையிலும். அவள் ஒரு மூங்கில் குச்சி நுனியில் காந்தத்தைக் கட்டி, மேலே ஓர் அங்குலம் விடாமல் தடவினாள். கண்ட்ராக்டரின் ஆள் கதவோரம் சாய்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசிப் பலகையும் வந்தது.

ஒன்றும் இல்லை.

தம்பி இறங்கினான். முந்தின நாள் போட்ட அதே கால்சட்டை, கீழே இரண்டு மடிப்பு மடித்தது. அதில் ஏறிய தூளைத் தட்டக் குனிந்து மடிப்பை உதறினான். கிணிங் என்று தரையில் ஒன்று விழுந்து உருண்டது. சிவப்புத் தலை.

கண்ட்ராக்டரின் ஆள் விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “இதுக்கா? இதுக்காடி கூரையப் பிரிச்ச?”

அவள் ஸ்குருவை எடுத்துத் துடைத்தாள். என் கையிலிருந்த சிலிப்பரை வாங்கிக் காலித் துளையில் குத்தினாள்.

“இதுக்குத்தான்” என்றாள்.

புவான் மட்டும் சிரிக்கவில்லை. இனிமேல் நான் நிம்மதியாகத் தூங்குவேன் என்று மலாயில் சொல்லிவிட்டு, லோரிக்காரனைக் கூப்பிடப் போனார்.

வார்டு வேலை வேறு ஆளுக்குப் போனது. கடை சுருங்கிச் சுருங்கி ஒருநாள் மூடியது. அதற்குப் பிறகு ஊர் பேசிய பேச்சைச் சொல்லவேண்டுமா? மேலே இல்லாத ஸ்குருவுக்காகக் கூரையைப் பிரித்தவள் என்றார்கள். எனக்கே ஒருநாள் பொறுக்காமல் கேட்டுவிட்டேன்: “தம்பி பைப்ப நகத்துன அந்த ஓரத்த மட்டும் பிரிச்சிப் பாத்திருக்கலாம்ல தங்கச்சி?”

“எங்க இருக்குன்னு தெரிஞ்சிருந்தா அந்த ஓரத்த மட்டும் பிரிச்சிருப்பேன். தெரியாததாலதான் முழுசாப் பிரிச்சேன்” என்றாள். பிறகு, “இல்லங்கிறது பாத்த பிறகுதானேக்கா தெரிஞ்சது?”

செமிலிங் பந்தியில் சிரித்தவர்களே, இதற்குப் பதில் சொல்லுங்கள்.

அவள் தன் தங்கையோடு கடலோரத்துக் கோத்தா கோலா மூடாவுக்குப் போய், அங்கே மீன்காரர்களின் ஐஸ் கொட்டகைகளுக்கு வயரிங் பார்த்தாள். உப்புக் காற்றுக்கு எந்த ஸ்குரு தாங்கும் என்று அங்கேயும் சண்டை போட்டிருப்பாள். அங்கேயே போய்ச் சேர்ந்தாள். நான் போனேன். பெட்டியில் வெள்ளை உடுத்திப் படுக்க வைத்திருந்தார்கள். அந்த உடுப்பில் பை இல்லை. தலைமாட்டு மேசையில் சிலுவைக்குப் பக்கத்தில் யாரோ அவள் காந்தத்தை வைத்திருந்தார்கள். பெட்டியின் கைப்பிடி மஞ்சளாக மின்னியது. என் கை சும்மா இருக்கவில்லை. காந்தத்தை எடுத்தேன், வைத்தேன்.

டக்.

அவள் தம்பி பக்கத்தில் நின்றான். நான் சொன்னேன்: “ஒட்டுதுடா.”

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே அழுதான். “அக்காவுக்குத் தெரிஞ்சா எந்திரிச்சுக் கடைக்குப் போயிரும், பெரியக்கா.”

போன மாதம் எனக்கு முதுகெலும்பில் வலி என்று படம் எடுக்க அனுப்பினார்கள். அதே ஆஸ்பத்திரி, அதே அறை. வளையல், தோடு, சேலைக்குக் குத்திய ஊசி எல்லாம் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். தாதிப் பெண் நம் பிள்ளைதான், குழாய்க்குள் தள்ளுவதற்கு முன் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பயமா இருக்கா பாட்டி? சத்தம் ரொம்பப் போடும்.”

“எனக்கு எதுக்குடி பயம்? இந்தக் கூரைக்கு மேல என்னா இருக்குன்னு எனக்குத் தெரியும்.”

“என்னா இருக்கு?”

“ஒண்ணும் இல்ல. பாத்தாச்சி.”

அவளுக்குப் புரியவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். மெஷின் இடித்த இடியில் மலையே சரிந்ததுபோல இருந்தது. எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

அந்தச் சிலிப்பர் என் அலமாரியில் இருக்கிறது. துளையெல்லாம் சிவப்பு. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

இவ்வளவுதான். பேத்தி, கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு வா. இதை எடுத்து, முதல் எழுத்திலிருந்து எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு. என் பிழையை நீ திருத்தவேண்டாம். ஒரு வரி புரியவில்லை என்று தாண்டிப் போய்விட்டு, பரவால்ல பாட்டி என்று சொல்லாதே. விட்ட இடம் எனக்குத் தெரியும்.